ஆள் பேசாத கேசட்

ஷார்ஜாவிலிருந்து கேசட் வந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், மதுக்கூரில் எங்கள் தெருவின் பாதி ஜனம் எங்கள் ஹாலில்தான் இருக்கும். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன்னை நடுவில் ஒரு முக்காலியின் மேல் வைத்து, அதற்கு நேர் எதிரே என் மாமியார் ஜன்னத் பீவி சம்மணம் போட்டு உட்காருவார். பக்கத்தில் நாத்தனார் அஃப்ரீன். பட்டனை அமுக்குகிற உரிமை அவளுக்கு மட்டும்தான். பிறகு பக்கத்து வீடு, எதிர்வீடு, எதிர்வீட்டுக்கு விருந்து வந்தவர்கள். நான் அடுப்படி வாசலில் தொங்கும் திரைக்குப் பக்கத்தில் நிற்பேன். பேசுகிறவர் என் புருஷன். கேட்கிற வரிசையில் கடைசி ஆள் நான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அது. தெருவில் ஒரு வீட்டிலும் போன் கிடையாது. கடைத்தெருவில் மஞ்சள் போர்டு போட்டு எஸ்.டி.டி. பூத் ஒன்று வந்திருந்தது. ஆனால் அங்கே மீட்டர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துவிடும். கடிதம் எழுத எங்கள் ஆண்களுக்குச் சோம்பல். அதனால் கேசட்டில் பேசி, லீவில் ஊருக்கு வருகிற யாரிடமாவது சோப்பு, கோடாலித் தைலம், போர்வையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். நாங்களும் பதில் பேசிப் பதிந்து, அவர் திரும்பிப் போகும்போது ஊறுகாயோடு கொடுத்தனுப்புவோம்.

என் புருஷன் ஜாஃபர் சாதிக் பேசுவதை ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த கேசட்டை நீங்களே பேசிவிடலாம்.

"அம்மா, நான் நல்லா இருக்கேன். மாத்திரைய ஒழுங்காப் போட்டுக்குங்க. வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா? தேங்கா என்ன வெல போவுது? அஃப்ரீன், டிவி பாக்காம படி. பக்கத்து வீட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க." பிறகு டேப் வெறுமனே ஓடும். இருமல் ஒன்று. "ரிஃப்காவுக்கும் ஸலாம் சொல்லுங்க."

நான் அங்கேதான் நிற்கிறேன். என்னிடம் சொல்லச் சொல்லி அவர் அம்மாவிடம் சொல்கிறார். மாமியாரும் கடமை தவறாமல் திரும்பி, "ஒனக்கு ஸலாம் சொன்னாம்மா" என்பார். எதிர்வீட்டு அக்கா என் முகத்தை உற்றுப் பார்ப்பாள். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பைச் சிரிக்க எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

லீவில் வந்து பெண் பார்த்து, நிக்காஹ் முடித்து, விருந்து விருந்தாகச் சுற்றிவிட்டு விமானம் ஏறியவர் அவர். ஷார்ஜாவில் ஒரு கேசட் கடையில் வேலை. தனியாக இருந்தபோதும் பெரிதாகப் பேசியதில்லை. 'தண்ணி வேணுமா?' 'தூக்கம் வருதா?' அவ்வளவுதான். அவர் முகத்தைவிட அவர் விட்டுப்போன சட்டைகளை எனக்கு நன்றாகத் தெரியும். பேசத் தெரியாத மனிதரா, அல்லது என்னிடம் பேச ஒன்றும் இல்லாத மனிதரா? இவருக்கு நான் வேண்டியிருந்ததா, அல்லது அவர் அம்மாவுக்குத் துணையாக வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்ததா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதை யாரிடம் கேட்பது?

தை மாதத்தில் ஹஸ்ஸான் லீவில் வந்தார். இவரோடு ஷார்ஜாவில் ஒரே அறையில் தங்கியிருப்பவர், எங்கள் அடுத்த தெரு. பையைக் கொடுத்துவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் சபை கூடிவிட்டது. அஃப்ரீன் பட்டனை அமுக்கினாள்.

முதலில் சரசரவென்று ஒரு சத்தம்.

"ஹெட்டுல அழுக்கு. பஞ்ச எடுத்துத் தொடடி" என்றார் மாமியார்.

அஃப்ரீன் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அதே சரசர. அதற்குள்ளிருந்து மெதுவாக ஒரு கொட்டு வந்தது. அவ்வளவு மெதுவாக யாரும் கொட்டி நான் கேட்டதே இல்லை. ஒரு அடி விழுந்து அடுத்த அடி விழுவதற்குள் எச்சில் விழுங்கிவிடலாம். அதற்கு அடியில் கனமான ஒரு கம்பி ஓசை. இசை என்றால் இசை, ஆனால் யாரும் பாடவில்லை.

"பாட்டு கொஞ்சம் போட்டுட்டு அப்புறம் பேசுவான்" என்று மாமியார் சபைக்கு விளக்கம் சொன்னார். சபை காத்திருந்தது. பாட்டு முடிவதாகத் தெரியவில்லை. முடிந்தது என்று நினைத்தால் இன்னொன்று ஆரம்பித்தது, அதே நிதானத்தில். எதிர்வீட்டு அக்காவுக்கு உலை கொதிப்பது நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொழுகை நேரம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் குரல் வந்தது. வார்த்தை இல்லை. 'ஆ' என்று நீளமாக ஒரு மூச்சு, அவ்வளவுதான். வாசல்வரை போன எதிர்வீட்டு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தாள்.

மாமியார் முகம் வெளுத்தது. "யாருடி இவ?"

"பாடுறாங்கம்மா" என்றாள் அஃப்ரீன்.

"பாட்டுன்னா வார்த்த வேணாமா? பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு இழுக்குறா!"

கேசட்டின் இரண்டு பக்கமும் ஓடி முடிந்தது. என் புருஷன் வாயே திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியது: ஜாஃபருக்கு ஷார்ஜாவில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குப் பேச்சு வராது.

வெள்ளிக்கிழமை மாமியார் புர்காவை மாட்டிக்கொண்டு அஃப்ரீனோடு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். நான் வீட்டில் வெங்காயம் உரித்தேன். வெங்காயம் உரிக்கிறவள் கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். திரும்பி வந்தவர், வந்த வேகத்தில் டூ இன் ஒன்னைத் திறந்து கேசட்டை எடுத்து என் மடியில் போட்டார்.

"அது வெறும் பாட்டாம். நீ கேக்கணும்னு அனுப்பினானாம். 'ரிஃப்கா கேக்கட்டும்மா, அவளுக்குத்தான்'ங்குறான். இந்தக் கண்றாவிக்கு ஒரு கேசட்டு, அதுக்கு ஒரு ஏரோப்ளேன்!"

எனக்கு அவர் திட்டியது காதில் விழவில்லை. அவளுக்குத்தான். யார் வழியாகவும் வராமல், நேராக என் பேருக்கு அந்த வீட்டில் வந்த முதல் பொருள் அது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், முதலில் நான் பாட்டுக் கேட்கவில்லை. அவர் குரலுக்காகக் காத்திருந்தேன். சபை பொறுமையில்லாமல் எழுந்து போன பிறகு எங்காவது ஓரிடத்தில், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், 'ரிஃப்கா' என்று ஒரு தடவை சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். சொல்லவில்லை. ஆனால் குரலுக்காக அப்படிக் கூர்ந்து கேட்டவள், குரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன்.

மாசி வெயிலில் சம்பா நெல்லை அவித்து மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தோம். அவித்த நெல் ஒரே மாதிரிக் காய வேண்டுமென்றால் அதைக் காலால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பாதத்தைத் தூக்காமல் நெல்லுக்குள் இழுத்து இழுத்து நடந்தால் பின்னால் கோடு கோடாகப் புரண்டு வரும். வேகமாக நடந்தால் நெல் சிதறும், நின்றால் அடியில் ஈரம் தங்கும். வேலைக்கு வருகிற காத்தாயியும் நானும் ஆளுக்கொரு முனையிலிருந்து துழாவுவோம். அலுப்புத் தெரியாமல் இருக்க டூ இன் ஒன்னை மாடிக்குக் கொண்டுபோய் அந்தக் கேசட்டைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் காத்தாயி நின்று குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"ஏம்மா, இது எனக்காவப் போட்டாப்ல இருக்கே? காலு அதுவாப் போவுது."

எனக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. சினிமாப் பாட்டுப் போட்டால் இரண்டு சுற்றில் முட்டி வலிக்கும், பாட்டு நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். இது ஓடவில்லை. நாம் பாதத்தை இழுத்து முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த அடியைப் போட்டது.

எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் நம்மிடம் ஏதாவது ஒன்று கேட்கும். அழு என்னும், ஆடு என்னும், உருகு என்னும். இந்தக் கேசட் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒவ்வொருவரும் என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்த வீட்டில், எதுவும் கேட்காத ஒன்று கிடைத்தபோது எனக்கு அழுகை வந்தது. நெல் தூசி என்று காத்தாயியிடம் சொன்னேன்.

நாள் போகப் போக இன்னொன்றும் தெரிந்தது. அதில் இரண்டு பேர் இருந்தார்கள். யாரும் எனக்குச் சொல்லவில்லை, கேட்டுக் கண்டுபிடித்தேன். ஒருவன் அந்தக் கொட்டுச் சத்தத்தையும் அடியில் வரும் கம்பி ஓசையையும் வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டே இருப்பான், தலை நிமிராமல். இன்னொருவன் தாமதமாக வருவான். திருக்காட்டுப்பள்ளியில் நான் பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே காவிரி, தண்ணீர் விட்டால் உடனே வந்துவிடும். மதுக்கூர் கடைமடை. இங்கே முதலில் மண் லேசாகக் கறுக்கும், பிறகு நுரையும் சருகும் வரும், அப்புறம்தான் தண்ணீர். அந்த இரண்டாவது ஆள் அப்படித்தான் வந்தான். வந்துவிட்டால் போக மாட்டான். ஒருவன் சத்தத்தை மற்றவன் மறைப்பதே இல்லை. புருஷன் பெண்டாட்டி இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் குரல் வருகிற இடத்தில் இரண்டு பேருமே கை எடுத்துவிட்டு அவளைக் கேட்பார்கள். அந்த இடத்தில் நானும் நெல்லில் நின்றுவிடுவேன்.

இதை இவர் எனக்காகத் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறார் என்றால், இவருக்குள் என்னவோ இருக்கிறது. அப்படித்தான் நம்பினேன். முழுசாக நம்பினேன்.

வைகாசியில் என்னைப் பெற்ற அத்தா மீரா சாகிப் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வந்தார். பலசரக்குக் கடையைப் பூட்டிவிட்டு அவர் எங்கேயும் போகிறவர் இல்லை. பேச்சு வராத ஷார்ஜாக்காரியின் கதை எப்படியோ அங்கேவரை போயிருந்தது. மாமியார் டீ போட உள்ளே போனதும் என் பக்கம் குனிந்தார்.

"பெட்டிய எடு. போவோம்."

"எதுக்குத்தா?"

"கட்டிக்கிட்டுப் போய் இத்தன மாசமாச்சு, எம்புள்ளைக்கு ஒரு வார்த்த பேசல. நீ என்ன இங்க நெல்லு அவிக்கவா வந்த? நம்ம வீட்டுல இரு. அவன் வந்து பேசட்டும், அப்புறம் பாத்துக்கலாம். பேசலன்னா ஜமாத்து இருக்கு."

அவர் சும்மா சொல்லவில்லை. கிளம்பியிருந்தால் அது அத்தோடு முடிந்திருக்கும், எங்கள் பக்கத்தில் பெட்டியோடு போன பெண் திரும்பி வருவது லேசில் நடக்காது. ஆறு மாதம் முன்பு கேட்டிருந்தால் நானே பெட்டியைத் தூக்கியிருப்பேன்.

"இல்லத்தா, நான் வரல. அவங்க எங்கிட்டப் பேசிட்டாங்க" என்றேன்.

"என்ன பேசினான்?"

மாடிக்குக் கூட்டிப்போய்ப் பாய் விரித்து உட்காரவைத்து கேசட்டைப் போட்டேன். சுவரில் சாய்ந்து புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். கடையில் நின்றே காலம் கழித்தவர், பகலில் அவர் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் குரல் வருவதற்குள் வாய் லேசாகத் திறந்து தூங்கிப்போனார். பக்கம் முடிந்து பட்டன் டக்கென்று எழும்பியதும்தான் விழித்தார். கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா மாப்ள வந்ததும் வாயத் தொறந்து கேளு. இத வச்சுக்கிட்டே காலத்த ஓட்டிடாத."

தனியாகத்தான் பஸ் ஏறினார். பஸ் ஜன்னலில் அவர் முகத்தைப் பார்த்தபோது, எல்லாவற்றையும் அந்த ஒரு கேசட்டின் மேல் கட்டி நிற்கிறேன் என்று புரிந்தது. பயமாகக்கூட இருந்தது. ஆனால் சந்தேகம் இல்லை.

அடுத்த வருஷம் என் புருஷன் வந்தார். கூடவே ஹஸ்ஸானும், விசா முடித்து மொத்தமாக. வந்த மறுநாள் காலை சட்டைகளை அவர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்க, நான் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். என் புடவைகளுக்கு நடுவில் இருந்த கேசட்டைப் பார்த்துவிட்டார்.

"இது இன்னும் இருக்கா?" முகம் அப்படியே மலர்ந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. "இவங்க ரெண்டு பேரு, தெரியுமா?"

"தெரியும். ஒருத்தரு வேல செஞ்சுக்கிட்டே இருப்பாரு. ஒருத்தரு லேட்டா வருவாரு."

அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஆமா" என்றார் மெதுவாக. பிறகு, கேசட் கடையில் வேலை பார்க்கிறவருக்கு அந்தப் பேச்சு மட்டும் சரளமாக வந்தது. "இது அவங்க மொத ரெக்கார்டு. ஒரு சின்ன ரூம்ல ஒக்காந்து பண்ணினது. அப்ப அவங்கள யாருக்கும் தெரியாது. யாரும் கேக்கப்போறதில்லன்னு நெனச்சுக்கிட்டுப் பண்ணின மாதிரி இருக்கும், அதான் இதுல விசேஷம். ரெண்டாவது வந்துச்சு. பேர் கெடச்சதும் வேகத்தக் கூட்டிட்டாங்க. கேக்க ஆளு இருக்குன்னு தெரிஞ்சு போச்சுல்ல. இது மாதிரி வராது."

அவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அத்தா கேட்கச் சொன்னதை நான் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது. சந்தோஷத்தில் மிதந்தேன் என்றே சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஹஸ்ஸானைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். ஹாலில் சஹன் தட்டைச் சுற்றி இவரும் ஹஸ்ஸானும் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் எதிரில் உட்கார்ந்து விசிறினார். அஃப்ரீன் சோறு எடுத்துப்போனாள். நான் திரைக்குப் பின்னால் தால்சாவைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"பெரியம்மா," என்றார் ஹஸ்ஸான், கறியைக் கடித்துக்கொண்டே, "ஒங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும். இப்பச் சொன்னா அடிக்க மாட்டீங்கல்ல?"

"சொல்லு, அப்புறம் யோசிக்கிறேன்."

"போன தடவ கேசட்டு கொண்டாந்தேன்ல? என் பையில ஏழெட்டுப் பேரு கேசட்டு. இவன் கட்டில்ல ரெண்டு கெடந்துச்சு. ஒண்ணு ஒங்களுக்குப் பேசினது. இன்னொண்ணு இவன் எப்பப் பாத்தாலும் காதுல மாட்டிக்கிட்டுக் கெடப்பானே, அந்தப் பாட்டு. ரெண்டுலயும் பேர் எழுதல. அவசரத்துல நான் மாத்தி எடுத்துட்டேன்! இவன் ஏர்போர்ட்டுக்கு ஆளெல்லாம் அனுப்பினான், நான் உள்ள போய்ட்டேன். இங்க வந்தா, 'ரிஃப்காவுக்குன்னு வேணும்னேதான் அனுப்பினேன்'னு ஒங்கள்ட்ட அடிச்சு விட்டிருக்கான். பொண்டாட்டி பேரச் சொல்லித் தப்பிச்சுட்டான், கெட்டிக்காரன்!"

மாமியார் சிரித்தார். அஃப்ரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

நான் தால்சாக் கிண்ணத்தைத் தரையில் வைத்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, காது அடைக்கிற கோபம். பெட்டியில்லாமல் தனியாகப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அத்தாவின் முகம் வந்தது. எவனோ மாற்றி எடுத்த கேசட்டுக்காக அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த வீட்டில் என் பேருக்கு வந்தது என்று நான் நினைத்த ஒரே ஒரு பொருளும் என் பேருக்கு வரவில்லை.

வேற்று ஆண் இருக்கும்போது நாங்கள் திரையைத் தாண்ட மாட்டோம். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தாண்டினேன். சஹனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அப்ப அது எனக்குன்னு அனுப்பலையா?"

ஹஸ்ஸான் கையில் இருந்த கறி தட்டில் விழுந்தது. மாமியார் விசிறி நின்றது. இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்னொரு சின்னப் பொய் போதும், ஹஸ்ஸான் சும்மா உளறுகிறான் என்று சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவர் சொல்லியிருக்கலாம்.

"இல்ல" என்றார்.

"அத்தா வந்து கூப்பிட்டாங்க. பெட்டிய எடுன்னாங்க. நீங்க எங்கிட்டப் பேசிட்டீங்கன்னு சொல்லித்தான் நான் இங்க இருந்தேன்."

அவருக்கு இது தெரியாது. மாமியாருக்குக்கூடத் தெரியாது. சோறு ஒட்டிய கையை அப்படியே நீட்டிக்கொண்டு இருந்தார். பிறகு, அம்மாவும் தங்கையும் சிநேகிதனும் இருக்கிற அந்த ஹாலில், பேச ஆரம்பித்தார்.

"ஒனக்குன்னு அனுப்பல. அம்மா போன்ல யாருடா அந்தப் பொண்ணுன்னு திட்டினாங்க, வாய்ல வந்ததச் சொல்லிட்டேன். சொல்லிட்டு ரூமுக்கு வந்தேன். மத்தியானம் கடை அடைச்சிருக்கும், அந்த நேரம்தான் நான் அதக் கேக்குறது. கடையிலேர்ந்து இன்னொண்ணு எடுத்துப் போட்டேன். முன்ன மாதிரிக் கேக்க முடியல. இப்ப அவளும் கேக்குறாளோன்னு தோணிப்போச்சு. புடிக்குமா, பாதில நிறுத்திருவாளா, அந்தப் பொண்ணு கொரல் வர்ற எடத்துல என்ன நெனப்பா…" நிறுத்தினார். "அதுக்கு முன்னாடி ஒன்ன எனக்குத் தெரியாது. பொய் சொல்லல. மூஞ்சியே மறந்து மறந்து போவும், போட்டோவ எடுத்துப் பாத்துக்குவேன். அன்னைலேர்ந்து தனியா ஒரு நாளும் அதக் கேட்டதில்ல. பக்கத்துல நீ இருந்த. சாப்புடும்போது இருந்த. கடையில இருந்த. எதப் பாத்தாலும், இத ரிஃப்காகிட்டச் சொல்லணும்னு நெனப்பேன். கேசட்டுல சொல்லலாம்னு பட்டன அமுக்குவேன். அம்மா, அஃப்ரீன், தெரு மொத்தமும் முன்னாடி வந்து ஒக்காந்துரும். வராது. எனக்கு வராது."

ஹஸ்ஸான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எதிரில் பெண்டாட்டியிடம் இப்படிப் பேசிய ஆளை எங்கள் தெரு அதுவரை கண்டதில்லை. அவர் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. எனக்கு அந்தக் காதுகளைப் பார்க்கப் பார்க்கக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மாமியார் விசிறியைக் கீழே வைத்தார்.

"டேய் ஹஸ்ஸான், எந்திரி. கையக் கழுவு."

"பெரியம்மா, இன்னும் சோறு…"

"ஒங்க வீட்டுலயும் ஆக்கியிருப்பாங்க, போ. அஃப்ரீன், நீயும் வாடி. கொல்லப் பக்கம் வேல கெடக்கு."

கொல்லைப் பக்கம் ஒரு வேலையும் கிடக்கவில்லை. மகன் பேசிய எந்தக் கேசட்டையும் பாதியில் விட்டு எழுந்தவர் இல்லை ஜன்னத் பீவி. டேப் தீர்ந்து வெறும் இரைச்சல் ஓடினால்கூட, இன்னும் ஏதாவது சொல்வான் என்று உட்கார்ந்திருப்பார். அவர்தான் இப்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என்னைத் தாண்டும்போது என் தோளில் கை வைத்தார், கொஞ்சம் அழுத்தமாகவே.

"இத்தனையும் உள்ள வச்சுக்கிட்டு, எங்கிட்ட வருஷம் பூரா தேங்கா வெல கேட்டிருக்கான் பாரு" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. பின்கட்டுக் கதவை அவரே சாத்திக்கொண்டார்.

ஹாலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பேசவைத்த வேகம் போய்விட்டது போல, அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்தார். முக்காலி மேல் இருந்த டூ இன் ஒன் பக்கம் பார்வை போனது.

"போடட்டுமா?" என்றார்.

அந்தக் கேசட்டை என்னைவிடப் பிரியமாகக் கேட்டவர்கள் யாராவது இருப்பார்களா என்று தெரியவில்லை. அதைச் செய்த அந்த இரண்டு பேரே அத்தனை தடவை கேட்டிருக்க மாட்டார்கள்.

"வேணாம்" என்றேன். எதிரில் உட்கார்ந்தேன். "பேசுங்க."

தலையைக் குனிந்துகொண்டுதான் ஆரம்பித்தார், பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றது. நான் அவசரப்படுத்தவில்லை. சோறு காய்ந்துகொண்டிருந்தது, கையைக்கூடக் கழுவாமல் பேசினார். பள்ளிவாசலில் மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை பேசினார். என்ன பேசினார் என்று தெருவில் ரொம்ப நாள் கேட்டுப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா இன்னும் கேட்கிறாள். சொல்ல மாட்டேன். அது எனக்கு வந்தது.